கைப்பேசியில் ஒரு படம், சிறையில் நான்கு மாதம்

2019இல் தீபாவளி அக்டோபர் 27ஆம் தேதி வந்தது. அதற்குப் பதினேழு நாள் முன்னதாக, மலாக்கா மாநில ஆட்சிக்குழு உறுப்பினரும் காடேக் சட்டமன்ற உறுப்பினருமான ஜி. சாமிநாதனைப் புக்கிட் அமான் பயங்கரவாத எதிர்ப்புப் பிரிவு கைது செய்தது. நெகிரி செம்பிலானில் சிரம்பான் ஜெயா சட்டமன்ற உறுப்பினர் பி. குணசேகரனும் கைதானார். அக்டோபர் 12ஆம் தேதி முடிவதற்குள் உள்ளே போனவர்கள் மொத்தம் 12 பேர். அத்தனை பேரும் தமிழர்கள். கைது நடந்தது சொஸ்மா எனப்படும் 2012ஆம் ஆண்டுப் பாதுகாப்புக் குற்றங்கள் (சிறப்பு நடவடிக்கைகள்) சட்டத்தின் கீழ். சொல்லப்பட்ட காரணம், விடுதலைப் புலிகளோடு தொடர்பு.

பண்டிகை முடிந்த இரண்டாம் நாளிலிருந்து நீதிமன்றங்களில் குற்றச்சாட்டுகள் வாசிக்கப்பட்டன. அவற்றில் இரண்டு வகை இருந்தது. 2018 நவம்பர் 28ஆம் தேதி இரவு ஆயர் குரோவில் உள்ள டேவான் கஸ்தூரி மண்டபத்தில் நடந்த ஒரு நிகழ்ச்சியில் பயங்கரவாத அமைப்புக்கு ஆதரவு தந்தார்கள் என்பது ஒன்று. அந்த அமைப்பு தொடர்பான பொருள்களை வைத்திருந்தார்கள் என்பது மற்றொன்று. வைத்திருந்த பொருள் துப்பாக்கியோ வெடிமருந்தோ அல்ல. பெரும்பாலும் கைப்பேசியிலும் முகநூல் கணக்கிலும் கிடந்த படங்கள்.

கைப்பேசி வைத்திருக்கும் ஒவ்வொருவரும் நின்று படிக்க வேண்டியது இந்த இரண்டாவது குற்றச்சாட்டைத்தான்.

தண்டனைச் சட்டத் தொகுப்பின் 130ஜேபி பிரிவு, பயங்கரவாதக் குழுவோடு தொடர்புடைய ஒரு பொருளைக் கையில் வைத்திருப்பதையே குற்றமாக்குகிறது. தன் பொறுப்பிலோ கட்டுப்பாட்டிலோ வைத்திருந்தாலும் குற்றம். காட்டினாலும் பகிர்ந்தாலும் குற்றம். தண்டனை ஏழாண்டு வரை சிறை. 2014 நவம்பரில் மலேசிய அரசு விடுதலைப் புலிகளைப் பயங்கரவாத அமைப்புகளின் பட்டியலில் சேர்த்தது. அந்த அமைப்பு 2009 மே மாதத்திலேயே போர்க்களத்தில் முடிந்துபோயிருந்தது. அதன் தலைவரின் படமோ, புலிகளையும் தமிழர்களையும் சேர்த்துப் போட்ட சுவரொட்டிகளோ உலகத் தமிழர்களின் கணினிகளிலும் கைப்பேசிகளிலும் எத்தனை ஆண்டுகளாகச் சுற்றிக்கொண்டிருந்தன என்பது தமிழருக்குத் தெரியும். பட்டியலில் பெயர் ஏறியதும், சுற்றிக்கொண்டிருந்த அந்தப் படங்கள் ஒவ்வொன்றும் வழக்குப் பொருளாகும் நிலை வந்துவிட்டது.

மலாக்காவில் இது எப்படி நடக்கும் என்று கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பார்க்கலாம். ஜாசின், மெர்லிமாவ், புக்கிட் ஆசஹான், அலோர் காஜா பக்கத்துத் தோட்டங்களில் லயத்து வீடுகளில் வளர்ந்தவர்களில் பெரும்பாலோர் இன்று தோட்டத்தில் இல்லை. ரப்பர் செம்பனையானது, செம்பனைக் காடு வீடமைப்புத் திட்டமானது, பிள்ளைகள் தாமான்களுக்கும் ஜொகூர் பாருவுக்கும் சிங்கப்பூருக்கும் போனார்கள். பழைய தோட்டம் இன்று புலனக் குழுவில்தான் உயிரோடு இருக்கிறது. கல்யாணப் பத்திரிகை, மரண அறிவிப்பு, மாரியம்மன் கோயில் திருவிழாக் கணக்கு, பழைய தமிழ்ப்பள்ளி வகுப்புப் படம் எல்லாம் அதில்தான் வந்து விழுகின்றன. நவம்பர் மாதம் வந்தால் யாரோ ஒருவர், எங்கிருந்தோ வந்த, விடுதலைப் புலிகளின் மாவீரர் நாள் படம் ஒன்றையும் அனுப்பிவைப்பார். குழுவில் இருக்கும் அறுபது வயது அம்மாவின் கைப்பேசி, வருகிற படத்தையெல்லாம் தானாகவே இறக்கிச் சேமிக்கும்படி அமைந்திருக்கும். அப்படித்தான் கடையிலிருந்து வந்தது. மாற்ற வேண்டும் என்று யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. படம் சேமிப்பில் போய் உட்கார்ந்துவிட்டது. அவர் அதைப் பார்த்திருக்கலாம், பாராமலும் இருக்கலாம். சட்டத்தின் மொழியில் அந்தப் பொருள் அவர் ‘கட்டுப்பாட்டில்’ இருக்கிறது.

தெரிந்து வைத்திருந்தாரா, தெரியாமல் வைத்திருந்தாரா என்பதை நீதிமன்றத்தில் வாதாடலாம் என்பார்கள் வழக்கறிஞர்கள். வாதாடலாம்தான். ஆனால் சொஸ்மாவில் அந்த வாதம் தொடங்குவதற்கு முன்பே தண்டனை தொடங்கிவிடுகிறது. கைதானவரை முதல் 24 மணி நேரத்துக்குப் பிறகு 28 நாள் வரை தடுத்துவைக்க ஒரு சுப்ரிண்டெண்டன் பதவியில் உள்ள போலீஸ் அதிகாரியின் முடிவு போதும். மாஜிஸ்திரேட்டிடம் கொண்டுபோக வேண்டியதில்லை. வழக்கறிஞரைப் பார்ப்பதை 48 மணி நேரம் தள்ளிவைக்கலாம். குற்றம் சாட்டப்பட்டுவிட்டால் 13ஆம் பிரிவின்படி ஜாமீன் கிடையாது. பதினெட்டு வயதுக்குக் குறைந்தவர்கள், பெண்கள், நோயாளிகள் ஆகியோருக்கு அதில் ஒரு விலக்கு உண்டு. பயங்கரவாதக் குற்றச்சாட்டு என்றால் அந்த விலக்கும் இல்லை. நிரபராதி என்று கடைசியில் தீர்ப்பு வந்தாலும் இழந்த வேலை திரும்பி வராது, கட்டாமல் விட்ட வீட்டுத் தவணையும் பிள்ளைகள் பள்ளியில் கேட்ட பேச்சும் அழியாது.

அந்த 13ஆம் பிரிவை எதிர்த்து சாமிநாதன் கோலாலம்பூர் உயர் நீதிமன்றத்துக்குப் போனார். 2019 நவம்பர் 29ஆம் தேதி நீதிபதி முகமட் நஸ்லான் முகமட் கசாலி, அந்தப் பிரிவு அரசியலமைப்புக்கு முரணானது என்று தீர்ப்பளித்தார். ஜாமீன் கொடுப்பதா வேண்டாமா என்பது நீதிபதியின் வேலை. நாடாளுமன்றம் ஒரு சட்டம் போட்டு அந்த அதிகாரத்தை நீதிபதியின் கையிலிருந்து பறிக்க முடியாது என்பது தீர்ப்பின் சாரம். எட்டு மாதம் கழித்து எஸ்.ஆர்.சி. ஊழல் வழக்கில் முன்னாள் பிரதமர் நஜிப்பைக் குற்றவாளி என்று அறிவித்தவரும் இதே நீதிபதிதான். மலாக்காவில் தொடங்கிய ஒரு வழக்கு, இந்நாட்டில் எல்லா இனத்தவருக்கும் பயன்படக்கூடிய ஒரு தீர்ப்பைப் பெற்றுத் தந்தது. இதைத் தமிழர்கள் பெருமையாகச் சொல்லிக்கொள்ள வேண்டும். ஏனோ அதிகம் பேசப்படவில்லை. ஆனாலும் சாமிநாதன் வெளியே வரப் பிப்ரவரி ஆனது.

2020 பிப்ரவரி 21ஆம் தேதி சட்டத்துறைத் தலைவர் டோமி தோமஸ், 12 பேர் மீதான எல்லாக் குற்றச்சாட்டுகளையும் கைவிடுவதாக அறிவித்தார். குற்றம் நிரூபணமாகும் வாய்ப்பு எதிலுமே இல்லை என்றார். அவர் சொன்ன காரணங்களில் கைப்பேசி பற்றியது முக்கியமானது. மாவோ, சே குவேரா போன்றவர்களை உலகம் முழுக்க எத்தனையோ பேர் நாயகர்களாக வைத்துப் போற்றுகிறார்கள். ஒரு தலைவரைப் பொதுமக்கள் பயங்கரவாதி என்று கருதுகிறார்கள் என்பதற்காக, அவருடைய படத்தைக் கைப்பேசியிலோ முகநூலிலோ வைத்திருப்பவர் பயங்கரவாதி ஆகிவிட மாட்டார் என்பது அவர் விளக்கம். மூன்றே நாளில் ஆட்சி கவிழ்ந்தது. அந்த மாதம் முடிவதற்குள் அவரும் பதவியை விட்டார். முடிவெடுக்க இன்னும் ஒரு வாரம் தாமதித்திருந்தால் அந்தக் கோப்பு யார் கைக்குப் போயிருக்கும், என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் நெஞ்சு பதறுகிறது. பன்னிரண்டு பேரின் விடுதலை சட்டத்தின் பாதுகாப்பால் வரவில்லை. ஓர் அதிகாரியின் மனசாட்சியாலும் காலத்தின் தயவாலும் வந்தது.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். கைது நடந்தபோது ஆட்சியில் இருந்தது பக்காத்தான் ஹராப்பான். சொஸ்மாவின் கொடிய பிரிவுகளை நீக்குவோம் என்று 2018 தேர்தல் அறிக்கையில் எழுதிக் கொடுத்திருந்த கூட்டணி அது. கைதான இரு சட்டமன்ற உறுப்பினர்களும் அந்தக் கூட்டணியின் ஜ.செ.க.வைச் சேர்ந்தவர்கள். எதிர்க்கட்சியில் இருக்கும்போது கொடுங்கோல் சட்டமாகத் தெரிவது, நாற்காலியில் உட்கார்ந்ததும் தேவையான கருவியாகத் தெரிகிறது. எல்லாக் கட்சிகளின் கதையும் இதுதான்.

தோட்டத் தமிழருக்கு இதெல்லாம் புதிதல்ல. இந்த நாட்டில் அடையாள அட்டை பிறந்ததே 1948இல் அவசரகாலத்தின்போதுதான். படமும் பெருவிரல் ரேகையும் பதித்த அந்த அட்டை, யார் எந்தப் பக்கம் என்று பிரித்துப் பார்க்கக் கொண்டுவரப்பட்டது. தொழிற்சங்கத் தலைவர் எஸ்.ஏ. கணபதி 1949 மே 4ஆம் தேதி தூக்கிலிடப்பட்டதும் ஒரு துப்பாக்கியை ‘வைத்திருந்தார்’ என்ற குற்றத்துக்காகத்தான். 1960இல், விசாரணையின்றித் தடுத்துவைக்க இடம் தரும் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டமான இசா வந்தது. 2007 டிசம்பரில் ஹிண்ட்ராப் தலைவர்கள் ஐவரை அது விழுங்கியது. அப்போதும் விடுதலைப் புலிகள் தொடர்பு என்ற பேச்சைப் போலீஸ் தரப்பு எழுப்பியது. இசா போன இடத்தில் 2012இல் வந்து உட்கார்ந்ததுதான் சொஸ்மா. அந்தக் காலத்தில் ஒருவர் யாரோடு பேசுகிறார், என்ன படிக்கிறார் என்று தெரிந்துகொள்ள ஆள் வைத்துப் பின்தொடர வேண்டியிருந்தது. இன்று அவ்வளவையும் அவரே சட்டைப்பையில் போட்டுக்கொண்டு திரிகிறார்.

அந்தச் சட்டைப்பைக்குள் கைவிட இன்று சட்டம் எவ்வளவு இடம் கொடுக்கிறது? குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 116பி பிரிவின்படி, சோதனை நடத்தும் இன்ஸ்பெக்டர் அல்லது அவருக்கு மேற்பட்ட அதிகாரிக்குக் கணினித் தரவைத் திறந்துகாட்ட வேண்டும். கடவுச்சொல் கொடுப்பதும் அதில் அடக்கம். கைப்பேசிக்கென்று தனியாக ஒரு நீதிமன்ற ஆணையை அந்தப் பிரிவு கேட்கவில்லை. சொஸ்மாவின் 6ஆம் பிரிவு இன்னும் ஒரு படி மேலே போகிறது. அரசுத் தரப்பு வழக்கறிஞர் அனுமதித்தால் ஒருவரின் கடிதத்தையும் குறுஞ்செய்தியையும் தொலைபேசிப் பேச்சையும் இடைமறிக்கலாம். அவசரம் என்றால் சுப்ரிண்டெண்டன் பதவி அதிகாரியே முதலில் இடைமறித்துவிட்டுப் பிறகு தகவல் சொல்லலாம். இந்த வழியில் எந்த இடத்திலும் நீதிபதி நிற்கவில்லை. வழக்குத் தொடுப்பவரே கதவைத் திறக்கும் சாவியையும் வைத்திருக்கிறார்.

மற்ற நாடுகளில் இந்தக் கேள்வி நேருக்கு நேர் விசாரிக்கப்பட்டிருக்கிறது. 2014இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ரைலி வழக்கில், கைதானவரின் சட்டைப்பையில் இருந்தது என்பதற்காகவே அவருடைய கைப்பேசியைப் போலீஸ் திறந்து பார்க்க முடியாது, நீதிமன்ற ஆணை வேண்டும் என்று ஒருமனதாகச் சொன்னது. 2017 ஆகஸ்ட் 24ஆம் தேதி இந்திய உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும், ஓய்வுபெற்ற நீதிபதி கே.எஸ். புட்டசாமி தொடுத்த வழக்கில், அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று தீர்ப்பளித்தார்கள். மலேசியாவும் இதில் வெறுங்கையோடு நிற்கவில்லை. அதற்கு ஏழு ஆண்டு முன்பே, 2010இல், சிவராசா ராசையா தொடுத்த வழக்கில் கூட்டரசு நீதிமன்றம், அரசியலமைப்பின் 5ஆவது பிரிவு காக்கும் தனிமனிதச் சுதந்திரத்தில் அந்தரங்க உரிமையும் அடங்கும் என்று சொல்லியிருக்கிறது. அந்த வரியைப் பிடித்துக்கொண்டு கைப்பேசிச் சோதனைக்கு நீதிபதியின் ஆணை வேண்டும் என்று சட்டம் எழுத நாடாளுமன்றத்துக்கு எந்தத் தடையும் இல்லை. எழுத மனம்தான் வரவில்லை.

பாதுகாப்பு வேண்டாமா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். நியாயமான கேள்வி. 2016 ஜூன் 28ஆம் தேதி பூச்சோங்கில் ஒரு கேளிக்கை விடுதியில் கையெறிகுண்டு வீசப்பட்டு எட்டுப் பேர் காயமடைந்தார்கள். அதை இயக்கியது ஐ.எஸ். அந்த மாதிரிச் சதிகள் கைப்பேசிச் செய்திகளில்தான் உருவாகின்றன. அவற்றைப் போலீஸ் முன்கூட்டியே பிடிக்க வேண்டும் என்பதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இருக்க முடியாது. ஆனால் நீதிபதியிடம் போய் ஆணை வாங்கிக்கொண்டு வந்தால் அந்த வேலை கெட்டுப்போகாது. நள்ளிரவிலும் ஆணை தர மாஜிஸ்திரேட்டுகளை முறைவைத்து அமர்த்தலாம். குண்டு செய்யும் முறையைத் தேடுபவனையும் ஒரு படத்தைச் சேமித்தவரையும் ஒரே வலையில் போட்டு அள்ளினால், அள்ளுபவரின் நேரம்தான் வீணாகும். 2019இல் அப்படித்தான் ஆனது. நான்கு மாதம், பன்னிரண்டு பேர், கடைசியில் ஒரு தண்டனைகூட இல்லை.

சந்தேகத்தின் பேரில் நம் கைப்பேசிக்குள் வர இத்தனை வழி வைத்திருக்கும் அரசு, அதே கைப்பேசி வழியாக நமக்கு வரும் கேட்டைத் தடுக்க என்ன செய்தது என்று கேட்டால் பதில் சுருக்கமாகத்தான் இருக்கிறது.

2017 அக்டோபரில், 4 கோடியே 62 லட்சம் கைப்பேசி எண்களின் உரிமையாளர் விவரங்கள் கசிந்து விலைக்கு வந்தது தெரியவந்தது. அப்போது நாட்டின் மக்கள்தொகை சுமார் 3 கோடியே 20 லட்சம். கசிந்தவற்றில் வீட்டு முகவரியும் அடையாள அட்டை எண்ணும் இருந்தன. மைகார்ட் எண் என்பது சும்மா ஒரு பன்னிரண்டு இலக்கம் அல்ல. முதல் ஆறு இலக்கம் பிறந்த தேதி. அடுத்த இரண்டு பிறந்த மாநிலம். மலாக்காவில் பிறந்தவருக்கு 04. கடைசி இலக்கம் ஒற்றைப்படையாக இருந்தால் ஆண், இரட்டைப்படையாக இருந்தால் பெண். அந்த எண்ணைத்தான் காவல் சாவடியிலும் கிளினிக்கிலும் தவணைக்கடையிலும் கேட்கிறார்கள், நாமும் கொடுக்கிறோம். 2025 ஆகஸ்ட் 31 முதல் பெரியவர்கள் ஒவ்வொருவருக்கும் வந்த 100 வெள்ளி சாரா உதவியும் மைகார்ட் வழியாகத்தான் வந்தது. 2024 ஜனவரியில் அரசு தொடங்கிய பாடு என்ற மையத் தரவுத்தளத்தில், ஒருவரின் அடையாள அட்டை எண்ணும் அஞ்சல் குறியீடும் தெரிந்தால் வேறொருவர் அவர் பெயரில் பதிந்துவிடலாம் என்ற ஓட்டையை முன்னாள் துணையமைச்சர் ஓங் கியான் மிங் முதல் நாளிலேயே எடுத்துக்காட்டினார்.

தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010இல் நிறைவேறி 2013 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. 2024இல் திருத்தப்பட்டு, அபராதம் 10 லட்சம் வெள்ளி வரை உயர்ந்தது. தரவு கசிந்தால் ஆணையரிடம் தெரிவிக்க வேண்டும் என்ற கட்டாயமும் வந்தது. நல்ல மாற்றம்தான். ஆனால் அச்சட்டத்தின் 3ஆம் பிரிவு, கூட்டரசு அரசாங்கத்தையும் மாநில அரசாங்கங்களையும் தொடக்கத்திலிருந்தே விலக்கி வைத்திருக்கிறது. திருத்தம் அதைத் தொடவில்லை. நம்மைப் பற்றி மிக அதிகமாகத் தெரிந்துவைத்திருப்பது அரசு. அந்த அரசை மட்டும் இந்தச் சட்டம் கட்டுப்படுத்தாது.

அந்தக் கசிவுகளின் விலையை எளியவர்களே கொடுக்கிறார்கள். போலீஸ் என்றும் நீதிமன்றம் என்றும் சொல்லி அழைப்பவன், பெயரையும் அடையாள அட்டை எண்ணையும் தப்பில்லாமல் சொல்லும்போது ஓய்வுபெற்ற தொழிலாளி எப்படி நம்பாமல் இருப்பார்? பணம் போய்ச் சேரும் கணக்கு பெரும்பாலும் இன்னொரு ஏழையுடையது. சில நூறு வெள்ளிக்கு ஏடிஎம் அட்டையையும் ரகசிய எண்ணையும் கொடுத்துவிட்ட ஓர் இளைஞனுடையது. அப்படிக் கொடுப்பதையே தனிக் குற்றமாக்கித் தண்டனைச் சட்டம் 2024இல் திருத்தப்பட்டது. தாமான்களில் வேலை தேடி அலையும் நம் பிள்ளைகளுக்கு இது தெரிந்திருக்க வேண்டும். ஏமாந்தவர்கள் உடனே அழைக்க வேண்டிய எண் 997. எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறோமோ அவ்வளவுக்குப் பணத்தை வழியில் மறிக்க வாய்ப்பு அதிகம்.

2024 ஜூலை 5ஆம் தேதி நடந்ததை எந்தத் தமிழ்க் குடும்பமும் மறந்திருக்காது. டிக்டாக்கில் தமிழில் வீசப்பட்ட வசவுகளையும் மிரட்டல்களையும் தாங்கமாட்டாமல் ஈஷா என்று அறியப்பட்ட ராஜேஸ்வரி அப்பாவு உயிரை விட்டார். இறப்பதற்கு முன்பே அவர் போலீசில் புகார் கொடுத்திருந்தார். அந்த வழக்கில் குற்றத்தை ஒப்புக்கொண்ட ஒருவருக்கு, 1955ஆம் ஆண்டுச் சிறு குற்றங்கள் சட்டத்தின்படி விதிக்கப்பட்ட அபராதம் 100 வெள்ளி. அந்தச் சட்டப்பிரிவில் அதற்கு மேல் இடமில்லை. கொதித்தெழுந்த மக்களின் குரலுக்குப் பிறகுதான் தண்டனைச் சட்டத்தில் 507பி முதல் 507ஜி வரையிலான பிரிவுகள் சேர்க்கப்பட்டு 2025 ஜூலை 11ஆம் தேதி நடைமுறைக்கு வந்தன. துன்புறுத்தலால் ஒருவர் தற்கொலை செய்துகொண்டால் இனிப் பத்தாண்டு வரை சிறை. ஒரு படத்தைச் சேமித்ததற்கு ஏழாண்டு என்று 2015லேயே எழுதத் தெரிந்த நாடு, ஒரு பெண்ணைச் சாகும் வரை துரத்தியதற்குத் தண்டனை எழுத ஓர் உயிரைப் பலிகொடுக்க வேண்டியிருந்தது. இந்த ஏற்றத்தாழ்வை மன்னிக்க முடியாது.

செய்ய வேண்டியது தெளிவாகவே இருக்கிறது. கைப்பேசியைத் திறக்கவும் பேச்சை இடைமறிக்கவும் நீதிபதியின் எழுத்து மூல ஆணை வேண்டும். 130ஜேபி பிரிவில், தெரிந்தும் தீய நோக்கத்தோடும் வைத்திருந்தார் என்பதை அரசுத் தரப்பு நிரூபிக்க வேண்டும் என்று வெளிப்படையாக எழுத வேண்டும். ஜாமீன் முடிவு நீதிபதியிடம் திரும்ப வேண்டும். தரவுப் பாதுகாப்புச் சட்டம் அரசையும் கட்டுப்படுத்த வேண்டும்.

இவற்றைக் கேட்பதற்கு ஒரு நாள் குறித்துவைக்கப்பட்டிருக்கிறது. 28 நாள் தடுப்புக்காவலுக்கான சொஸ்மா பிரிவு ஐந்தாண்டுக்கு ஒரு முறை நாடாளுமன்றத்தின் ஒப்புதலைப் பெற வேண்டிய பிரிவு. 2022 மார்ச் மாதம் அந்தத் தீர்மானம் 84க்கு 86 என்று இரண்டே வாக்கில் தோற்றது. ஜூலையில் மீண்டும் கொண்டுவந்து நிறைவேற்றினார்கள். 2022 ஜூலை 31 முதல் ஐந்தாண்டு. அந்தக் கெடு 2027 ஜூலையில் முடிகிறது. மலாக்காவில் நாடாளுமன்றத் தொகுதிகள் ஆறு: மஸ்ஜிட் தானா, அலோர் காஜா, தங்கா பத்து, ஹங் துவா ஜெயா, கோத்தா மலாக்கா, ஜாசின். கோயில் திருவிழாவுக்கும் தமிழ்ப்பள்ளி விளையாட்டுப் போட்டிக்கும் மாலை வாங்க வரும் உறுப்பினரிடம், அந்தத் தீர்மானம் மறுபடி வந்தால் எந்தப் பக்கம் கை தூக்குவீர்கள் என்று இப்போதே கேளுங்கள். பதிலை எழுதி வாங்கி வையுங்கள்.